ஏழாம் வரிசையின் ஸ்லேட்டு

எம்.பி.ஏ. முதலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் 8 வாரம் பயிற்சி பெற்று அறிக்கை தர வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் விதி. உடன் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓசூர் சிப்காட்டுக்குப் போனார்கள். நான் காவேரிப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். மாமா வீட்டுத் தோப்பில் காய் பறிக்கும் நாள்களில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அந்தக் காய் லாரி ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுள் ஒன்றை நானே தேடிப் போய்க் கேட்டு, மே மாதக் கடைசியில் அங்கே சேர்ந்தேன். மேலாண்மை பற்றியும் குழுவாக வேலை செய்வது பற்றியும் அந்த 8 வாரங்களில் நான் கற்றுக்கொண்டதை, மறந்து போவதற்கு முன்பாக எழுதி வைக்க விரும்புகிறேன். அதில் என்னால் நேர்ந்த ஒரு தவறும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் மற்றவற்றுக்குப் பொருள் இருக்காது.

இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் மிகுதியாகக் கூடியிருக்கும் இடங்கள் இரண்டு: ஆந்திரத்தின் சித்தூர், நம்முடைய கிருஷ்ணகிரி. செந்தூராவும் அல்போன்சாவும் முன்னால் வந்தாலும், ஆலைகளுக்கு உயிர் கொடுப்பது பெங்களூரா என்று நம் ஊரில் சொல்லப்படும் தோத்தாபுரி ரகம்தான். கிளிமூக்குப் போல நுனி வளைந்த, சதைப்பிடிப்பு மிகுந்த காய் அது. ஜூன், ஜூலை மாதங்களில் அது வந்து குவியும்போது ஆலை இரவு பகலாக ஓடும். ஆகஸ்டில் ஓட்டம் தளர்ந்து நின்றுவிடும். ஓராண்டுக்கான வருமானம் முழுவதையும் ஏறத்தாழ 70, 80 நாள்களில் ஈட்டியாக வேண்டிய தொழில் இது. ஓசூருக்குப் போன என் நண்பர்கள் பார்த்த தொழிற்சாலைகளில் இன்று செய்யத் தவறியதை அடுத்த வாரம் செய்துகொள்ள முடியும். பழத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வேலையின் வரிசை எளிமையானதுதான். எடைமேடையில் லோடு எடை போடப்படும். காய்கள் கிரேட்டுகளில் நிரப்பப்பட்டுப் பழுக்க வைக்கும் கொட்டகைக்குப் போகும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 100 பங்கு வரை, பயன்படுத்தலாம். எந்த முறையானாலும் காய்க்கு அதற்குரிய நாள்களைக் கொடுத்தே ஆக வேண்டும். பழுத்தபின் கழுவி, பெல்ட்டில் விட்டு, பெண்கள் கையாலேயே காம்புப் பகுதியை நறுக்கி அழுகலை நீக்குவார்கள். பிறகு கொட்டை பிரிக்கும் எந்திரம், கூழாக்கும் எந்திரம், வெப்பமேற்றும் குழாய்கள், கடைசியில் கிருமி நீக்கிய பைகளில் கூழை நிரப்பி 215 கிலோ டிரம்முக்குள் வைத்து மூடுவது. ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் பிரிக்ஸ் பார்ப்பார்கள். 100 கிராம் கூழில் எத்தனை கிராம் கரைந்த சர்க்கரை இருக்கிறது என்பதற்கான அளவு அது. தோத்தாபுரிக் கூழ் 14 பிரிக்ஸுக்குக் குறைந்தால், வழக்கமாக வாங்குபவர்கள் ஏற்க மாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குத் தட்டுப்பட்டது, ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருந்தது என்பதே. எடைமேடைக்காரருக்கு நாளொன்றுக்கு எத்தனை டன் உள்ளே வந்தது என்பது எண். கொட்டகைக்கு எவ்வளவு அழுகியது என்பது எண். உற்பத்திப் பிரிவுக்கு மணிக்கு எத்தனை டிரம் நிரம்பியது என்பது எண். மூன்று பேரும் தத்தம் எண்ணைக் காப்பாற்றுவதில் நேர்மையாகவே இருந்தார்கள். ஆயினும், டன் கணக்கைக் கூட்ட வேண்டும் என்று ஒரே நாளில் காயை அள்ளி உள்ளே விட்டால், ஐந்து நாள் கழித்து அத்தனையும் ஒன்றாகப் பழுத்து நிற்கும், எந்திரத்துக்கு அத்தனையையும் விழுங்கும் வாய் இருக்காது, அழுகல் கூடும், பழி கொட்டகையின் தலையில் விழும். அழுகலுக்குப் பயந்து கொட்டகைக்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே தள்ளிவிட்டால் பிரிக்ஸ் குறையும். பழி உற்பத்திக்குப் போகும். எல்லாருடைய தனிக்கணக்கும் நன்றாக இருக்கும்போதே மொத்தக் கணக்கு கெட்டுப் போகக்கூடும் என்பதை வகுப்பில் படித்திருக்கிறேன். அழுகிய பழத்தின் புளித்த வாடையோடு சேர்த்து அறிந்தது அங்கேதான்.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேஸ்திரி. அறுபது வயதை நெருங்கியவர். ஒவ்வொரு வரிசை கிரேட்டின் தலைமாட்டிலும் ஒரு பள்ளிக்கூட ஸ்லேட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதில் சாக்பீஸால் மூன்றே செய்திகள்: காய் வந்த தேதி, வந்த ஊர், எத்தனை கிரேட். சந்தூர், போச்சம்பள்ளி, ஜெகதேவி என்று ஊர்ப்பெயர் எதற்கு என்று கேட்டேன். "ஊருக்கு ஊரு மண்ணு வேற, தண்ணி வேற பாப்பா; ஒரே நாள்ல வந்திருந்தாலும் ஒண்ணு முன்னாடி பழுக்கும், ஒண்ணு பின்னாடி பழுக்கும்" என்றார். காலையில் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொன்றிலும் அடிக்கிரேட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, காம்புக்கு அருகே கட்டைவிரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பிறகு ஸ்லேட்டின் மூலையில் ஒரு சிறு கோடு போடுவார். அந்தக் கோடு இருந்தால் அந்த வரிசை நாளைக்குத் தயார் என்று பொருள்.

எனக்குத் தரப்பட்ட பணி, கொட்டகைக்கும் உற்பத்திக்கும் இடையே தகவல் சீராகப் போக ஒரு வழி செய்வது. ஸ்லேட்டுகளைப் பார்த்தவுடன் இவற்றை எக்செல் தாளாக மாற்றினால் எல்லாரும் கைப்பேசியிலேயே பார்க்கலாமே என்று தோன்றியது. வரிசைகளுக்கு 1 முதல் 24 வரை எண் கொடுத்தேன். எந்த வரிசையில் எந்தத் தேதிக் காய் இருக்கிறது என்பதைத் தாளில் நிரப்பி, தினமும் மாலையில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். மேலாளர் பாராட்டினார். இனி இரண்டு இடத்தில் எழுத வேண்டாம் என்று நானே மேஸ்திரியிடம் சொன்னேன். அவரும் மறுத்துப் பேசாமல் புதிய வரிசைகளுக்கு ஸ்லேட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டார். ஏன் மறுக்கவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, "படிச்ச புள்ள சொல்றப்ப நான் என்னத்தச் சொல்றது" என்றார். அவரிடம் தாளைக் காட்டினேனே தவிர, அவருடைய ஸ்லேட்டு என்னென்ன வேலை செய்கிறது என்று நான் கேட்கவே இல்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மதியம் கோடை மழை அடித்தது. கொட்டகைக் கூரையின் ஒரு மூலையில் தண்ணீர் இறங்க, ஆட்கள் ஏழாம் வரிசையையும் எட்டாம் வரிசையையும் அவசரமாக நகர்த்தி, தரையைத் துடைத்துவிட்டுத் திரும்ப அடுக்கியபோது இடம் மாற்றி அடுக்கிவிட்டார்கள். ஏழில் இருந்தது ஐந்தாம் நாள் பழம். எட்டில் இருந்தது மூன்றாம் நாள் காய். மேஸ்திரி இதைப் பகல் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார். சூப்பர்வைசர் இரவு ஷிப்டில் வருபவரிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தார். பகல் ஷிப்ட் சரியாக 8 மணிக்கு முடியும். இரவு ஷிப்ட் சரியாக 8 மணிக்குத் தொடங்கும். அன்றைக்கு இரவு ஆட்களின் வேன் மழையில் தாமதமாக வந்தது. பகல் ஆட்களின் வேன் காத்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவே இல்லை. கைப்பேசியில் என் தாள் இருந்தது. அதில் ஏழாம் வரிசை தயார் என்று இருந்தது.

இரவு 11 மணி அளவில் ஆய்வகத்திலிருந்து வந்த பிரிக்ஸ் எண் 11.5. மறுபடி பார்த்தார்கள், அதே எண். அதற்குள் டன் கணக்கில் காய் நறுக்கப்பட்டு உள்ளே போயிருந்தது. நறுக்கிய காயைத் திரும்பப் பழுக்க வைக்க முடியாது. கூழாகிவிட்டதை வெப்பமேற்றாமல் வைத்திருக்கவும் முடியாது. வெளிறிய மஞ்சளில், புளிப்புத் தூக்கலாக இருந்த அந்தக் கூழைத் தனியாக நிரப்பி, நிறுத்தி வைக்கப்பட்ட தொகுப்பு என்று சீட்டு ஒட்டி ஒதுக்கினார்கள். வரிசையை நிறுத்திக் கழுவி மறுபடி தொடங்க விடியற்காலை ஆகிவிட்டது.

பழைய முறையில் இது நடந்திருக்காது. ஸ்லேட்டு கிரேட்டோடு கட்டப்பட்டிருந்தது. கிரேட் எங்கே போனாலும் தேதியும் கூடவே போகும். என் தாள் தேதியை இடத்தோடு கட்டிவிட்டது. பொருள் நகர்ந்ததும் தாள் பொய்யாகிவிட்டது. ஒரு பழைய வழக்கத்தை மாற்றும் முன்பு, அது வெளியில் தெரியும் வேலையைத் தவிர வேறு எந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அதைச் செய்பவருக்கே சில சமயம் அது சொல்லத் தெரியாது. நாலு நாள் கூட நின்று பார்த்தால்தான் புலப்படும்.

மறுநாள் காலை 9 மணிக்குக் கூட்டம். யார் மேல் கை காட்டப்படும் என்ற பயத்தில் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றிருந்தோம். உற்பத்தி மேலாளர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "இது பச்சையா இருக்குதுன்னு நமக்கு முதல்ல எந்த இடத்துல தெரிஞ்சிருக்கணும்?" யார் என்று அவர் கேட்கவில்லை; எந்த இடம் என்று கேட்டார். அந்த ஒரு சொல் மாற்றத்தால் கூட்டத்தின் போக்கே மாறியது. ஸ்லேட்டை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று முதலில் சொல்ல எனக்கு அதனால்தான் துணிவு வந்தது. அதன் பிறகு பகல் சூப்பர்வைசர் தான் சொல்லாமல் போனதைச் சொன்னார். கடைசியில், கதவோரம் நின்றிருந்த, நறுக்கும் பெல்ட்டில் பல சீசன்களாக வேலை செய்யும் ஓர் அக்கா மெல்லச் சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும் சார். கத்தி போற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு."

கூடத்தில் யாரும் பேசவில்லை. பழுத்த பழத்தில் கத்தி ஓசையில்லாமல் இறங்கும். பச்சைக் காயில் ஒரு நறநறப்பு இருக்கும். ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, முன்பொரு சீசனில் இதேபோல் பெல்ட்டை நிறுத்தச் சொன்ன ஒரு பெண்ணை, டிரம் கணக்குக் குறைந்தது என்று அப்போதிருந்த சூப்பர்வைசர் எல்லார் முன்னிலையிலும் திட்டியதாகச் சொன்னார். அந்தப் பெண் மறு சீசனுக்கு வரவே இல்லை. திட்டியவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தத் திட்டு மட்டும் பெல்ட்டின் இரு பக்கமும் அத்தனை ஆண்டுகளாக நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். தவறான துணியை நெய்துகொண்டே போவதைவிட நிற்பது மேல் என்ற அந்தக் கருத்துத்தான் பிற்பாடு டொயோட்டா கார்த் தொழிற்சாலைகளில், கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம் என்ற ஏற்பாடாக வளர்ந்தது. அந்தக் கயிற்றை இழுத்தவுடன் அணித்தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசை நிற்கும். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது, மேலாளர் உடனே ஆள் அனுப்பிக் கோயில் மணி போல ஒரு சிறிய மணியை வாங்கி வரச் செய்து, நறுக்கும் பெல்ட்டின் நடுவில் கட்டவைத்தார். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அடித்தவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று தமிழிலும் தெலுங்கிலும் அறிவித்தார்.

ஒரு வாரம் அந்த மணியை யாரும் தொடவில்லை. மணி கட்டினால் போதும், பேசிவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அடித்தாள். பழத்தின் உட்புறம் கறுத்திருப்பதாகச் சொன்னாள். பெல்ட் நின்றது, ஆய்வகத்திலிருந்து வந்து பத்துப் பன்னிரண்டு பழங்களை அறுத்துப் பார்த்தார்கள், ஒன்றிரண்டில் மட்டும் அடிபட்ட கறுப்பு, மற்றவை நன்றாக இருந்தன. ஆறு நிமிடம் வீண். எல்லாருடைய கண்ணும் மேலாளர் மேல் இருந்தது. அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய், அவள் கையிலிருந்த பழத்தை வாங்கிப் பார்த்து, "அடிச்சது சரிதாம்மா, இப்படிப் பார்த்தா அடிக்கத்தான் வேணும்" என்று, எந்திரச் சத்தம் இல்லாத அந்த அமைதியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்று அவர் முகத்தைக் கொஞ்சம் சுளித்திருந்தால்கூட அந்த மணி சீசன் முடியும்வரை அலங்காரமாகத் தொங்கியிருக்கும். அடுத்த இரண்டு வாரங்களில் அது நான்கைந்து முறை ஒலித்தது. அவற்றுள் ஒருமுறை கொட்டை பிரிக்கும் எந்திரத்தின் சல்லடையிலிருந்து கழன்று வந்த ஒரு போல்ட்டைக் கூழுக்குள் போகுமுன் பிடித்தார்கள். பொய்யான முதல் எச்சரிக்கையைத் தலைமை எப்படி ஏற்கிறது என்பதைப் பார்த்துத்தான், மெய்யான எச்சரிக்கையைச் சொல்வதா வேண்டாமா என்று மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஷிப்ட் மாற்றத்திலும் ஒரு மாறுதல் வந்தது. இரு ஷிப்டும் 20 நிமிடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதற்குக் கூடுதல் கூலி தர வேண்டியிருந்ததால் முதலாளி முதலில் தயங்கினார். வீணான அந்த ஒரு இரவின் செலவை எழுதிக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சு அலுவலகத்தில் நடக்கக் கூடாது, கிரேட் வரிசைகளுக்கு அருகில் நின்றுகொண்டே நடக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் யோசனை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது யாரும் பொதுவாகப் பேசிவிட்டுப் போக முடியாது என்பதை நான் கண்ணால் கண்டேன். ஸ்லேட்டுகள் மறுநாளே திரும்பி வந்தன. தாளும் தொடர்ந்தது, ஆனால் தினமும் மாலையில் நான் ஸ்லேட்டுகளைப் பார்த்துத் தாளை எழுதினேன்.

குழுக்கள் கூடுதல், மோதல், ஒழுங்காதல், செயல்படுதல் என்று நான்கு நிலைகளைக் கடப்பதாக 1965இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் சொன்னதை எங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். கலைதல் என்ற ஐந்தாவது நிலை 1977இல் சேர்க்கப்பட்டது. மாங்கூழ் ஆலையில் இந்த ஐந்தும் ஒரே சீசனுக்குள் முடிந்துவிட வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் நம் மாவட்டத்துக்காரர்களோடு வடமாநிலத்து இளைஞர்களும் சேர்ந்து நிற்கும் இடத்தில், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள நாள் எடுத்துக்கொள்ள வழியில்லை. அங்கே அந்த வேலையைச் செய்தது தேநீர் நேரம். ஒரே பிரிவினர் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பதுதான் வழக்கம். பிறகு கொட்டகை ஆட்களின் டீயையும் பெல்ட் பெண்களின் டீயையும் ஒரே நேரத்துக்கு மாற்றினார்கள். மேஸ்திரியும் கத்திச் சத்தம் கேட்ட அக்காவும் பல ஆண்டுகளாக ஒரே ஆலையில் வேலை செய்தும் பேசிக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ஜூலை நடுவில், நாளைக்கு அனுப்பவுள்ள வரிசையிலிருந்து இரண்டு பழத்தை மேஸ்திரியே கொண்டுவந்து, "நறுக்கிப் பாரும்மா" என்று அவரிடம் கொடுத்ததைப் பார்த்தேன். அதற்கு எந்த உத்தரவும் போடப்பட்டிருக்கவில்லை.

தீராமல் நின்றது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நாங்கள் குழு, குழு என்று பேசியதெல்லாம் ஆலையின் மதில் சுவருக்கு உள்ளேதான். கேட்டுக்கு வெளியே டிராக்டர்களும் மினி லாரிகளும் வரிசையில் நிற்கும். வெயிலில் நிற்க நிற்கக் காய் வாடும், எடை குறையும். குறையும் எடை விவசாயியின் பணம். ஒருநாள் அந்த வரிசையில் எங்கள் மாமாவையே கண்டேன். முந்தைய நாள் இரவே வந்தவர். கழுத்தில் ஆலையின் அடையாள அட்டையோடு நான் அருகில் போனபோது, "உங்க ஆளுங்க எப்பம்மா உள்ள விடுவாங்க?" என்று கேட்டார். உங்க ஆளுங்க என்ற அந்தச் சொல் எனக்கு வலித்தது. உள்ளே எத்தனை வரிசை காலியாகும் என்பது மேஸ்திரிக்கு ஒரு நாள் முன்பே தெரியும். அதைத் தோப்பில் இருக்கும்போதே மாமாவுக்குச் சொல்லியிருந்தால், அவர் ஒருநாள் தள்ளிப் பறித்திருப்பார்.

கடைசி இரண்டு வாரங்களில், மறுநாளைக்கான டோக்கனை முந்தைய நாள் மாலையே தொலைபேசியில் சொல்லிப் பார்த்தோம். நேரடியாகக் கொடுக்கும் விவசாயிகளிடம் ஓரளவு பலித்தது. மண்டி வழியாக வரும் லோடுகளில் பலிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காய் எந்தத் தோப்புக்காரருடையது என்பதே எங்களுக்குத் தெரியாது. விடைபெறும் நாளில் இதை மேலாளரிடம் சொன்னேன். மண்டிக்காரர்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும், சித்திரைக்கு முன்னால் ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் படியை மாமாவிடமும் இரண்டாம் படியை மேஸ்திரியிடமும் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஆலைக்கு அனுப்புவேன்.